ஒப்புக்கொண்டதற்கு மேல் திருத்தம் கேட்கும் வாடிக்கையாளர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இரண்டு சுற்றுத் திருத்தம் என்று பேசி எடுத்த வேலை ஐந்தாவது சுற்றில் வந்து நிற்கும்போது, வாடிக்கையாளர் நம் உழைப்பைச் சுரண்டுகிறார் என்ற முடிவுக்கு வருவது எளிது. பல நேரங்களில் அந்த முடிவு தவறானது. தவறான நடவடிக்கைக்கும் அதுவே இட்டுச்செல்கிறது. கூடுதல் திருத்தம் என்ற ஒரே தொல்லை வெவ்வேறு காரணங்களால் வருகிறது. முடிவெடுக்கும் ஆள் மாறியதால் வந்த திருத்தத்தைக் கட்டணம் பேசி நிறுத்த முடியாது, நிலுவைப் பணத்தைத் தள்ளிப்போடுவதற்காக வந்த திருத்தத்தைப் பொறுமையால் தீர்க்க முடியாது. ஆகவே முதலில் எந்த வகை என்று கண்டறிய வேண்டும். இங்கே சொல்லப்படுபவை லோகோ, துண்டறிக்கை, நூல் பக்க வடிவமைப்பு ஆகிய வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்பவர்களை மனத்தில் கொண்டவை. மொழிபெயர்ப்பிலும் காணொளித் தொகுப்பிலும் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கோப்பைத் திறப்பதற்கு முன் பதிலை அனுப்ப வேண்டும். வரிசை முக்கியம். திருத்தத்தைச் செய்து அனுப்பிவிட்டுப் பிறகு கட்டணம் பற்றிப் பேசினால், கேட்பவருக்கு அது முடிந்த வேலைக்குத் திடீரென்று போடப்பட்ட தண்டமாகத் தெரியும். செய்வதற்கு முன் பேசினால், அவர் வேண்டும் வேண்டாம் என்று முடிவெடுக்கக்கூடிய ஒரு செலவாகத் தெரியும்.

சட்டமும் இந்த வரிசையை ஆதரிக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, ஒருவர் மற்றொருவருக்காகச் சட்டப்படியான ஒரு செயலை இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்து, அதன் பயனை மற்றவர் அனுபவித்தால், பயன் அடைந்தவர் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். “இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி” என்பதைப் பின்னர் காட்டுவதற்கு நம்மிடம் இருக்க வேண்டியது, வேலைக்கு முன்னால் அனுப்பிய ஒரு வரிச் செய்தி. நான்கு சுற்றுகளைப் பேச்சில்லாமல் செய்து கொடுத்தவர் ஐந்தாவது சுற்றில் கோபப்படும்போது, முந்தைய நான்கும் அவருக்கு எதிரான சாட்சிகளாகவே நிற்கும்.

பதில் அனுப்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை மூன்று: எழுத்தில் என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது, இதுவரை எத்தனை சுற்று முடிந்தது, கேட்கப்படும் மாற்றம் தொடக்கத்தில் கொடுத்த விவரக்குறிப்புக்குள் அடங்குமா. எழுத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் இப்போதே எழுதிவிடலாம். வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும் என்றாலும் நிரூபிப்பது கடினம். மின்னஞ்சல் வழியாக உருவான ஒப்பந்தத்தை, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ள முடியாது என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. எனவே முத்திரைத்தாளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தெளிவான ஒரு மின்னஞ்சலும் அதற்கு வரும் “சரி” என்ற பதிலும் பெரும்பாலான சிறு வேலைகளுக்குப் போதும்.

அறிகுறி: “இன்னும் ஒன்றே ஒன்று” என்று துளித்துளியாக வருகிறது

காலையில் தொலைபேசி எண்ணின் எழுத்தளவைப் பெரிதாக்கச் சொல்லி ஒரு செய்தி வரும், மதியம் பச்சையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கச் சொல்லி ஒரு குரல் பதிவு வரும், இரவு பத்தரை மணிக்குப் படத்தின் மேல் சிவப்பு வட்டம் போட்ட ஒரு திரைப்பிடிப்பு வரும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கோப்பைத் திறந்து, மாற்றி, பிடிஎஃப் எடுத்து, அனுப்பி, மறுமொழிக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அரைநாள் போயிருக்கும்.

இதற்குக் காரணம் வாடிக்கையாளரின் குணமன்று. “இரண்டு திருத்தம்” என்று எழுதிய கொட்டேஷனில் ஒரு திருத்தம் என்றால் எவ்வளவு என்று எழுதாமல் விட்டதே காரணம். அவர் கணக்கில் இதுவரை நடந்தது எல்லாம் சேர்ந்து ஒரே திருத்தம்; நம் கணக்கில் ஒன்பது. இருவருமே பொய் சொல்லவில்லை.

சரிசெய்யும் வழி, எண்ணிக்கைப் பேச்சை விட்டுவிட்டுப் பட்டியல் பேச்சுக்கு மாறுவதுதான். ஒரு பட்டியல் ஒரு சுற்று. பட்டியலில் மூன்று இருந்தாலும் முப்பது இருந்தாலும் அது ஒரு சுற்றே. இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். நேற்றிலிருந்து வந்த மாற்றங்களைக் கீழே வரிசையாகத் தொகுத்திருக்கிறேன். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் வியாழக்கிழமை மாலைக்குள் இதிலேயே சேர்த்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாம் சுற்றாகச் செய்து வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். நம் பேச்சின்படி இது கடைசிச் சுற்று. இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பட்டியலுக்கும் 1,500 ரூபாய் ஆகும்.”

தொகுக்கும் வேலையை நாமே செய்து கொடுப்பது முக்கியம். “எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்” என்று மட்டும் சொன்னால், கடையை நடத்திக்கொண்டே கைப்பேசியைப் பார்க்கும் ஒருவர் அதைச் செய்யப் போவதில்லை. குரல் பதிவுகளையும் எழுத்தாக்கிப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்பது அடுத்த சுற்றுக்கு வழிவகுக்கும். பட்டியல் முழுமையடையும் வரை எந்தச் சிறு மாற்றத்தையும் முந்திக்கொண்டு செய்யக் கூடாது. ஒன்றை உடனே செய்து அனுப்பிவிட்டால் மற்றவற்றையும் உடனே எதிர்பார்ப்பது அவர் தவறாகாது.

அறிகுறி: ஏற்கெனவே ஒப்புதல் தந்தது தலைகீழாக மாறுகிறது

போன வாரம் “ரொம்ப நன்றாக இருக்கிறது” என்று சொன்னவர் இந்த வாரம் நிறத்தையும் எழுத்துருவையும் முழுவதுமாக மாற்றச் சொன்னால், அவர் மனம் மாறிவிட்டார் என்பதைவிட இன்னொருவர் பார்த்துவிட்டார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். வெளிநாட்டில் இருக்கும் மகன், பணம் போட்ட கூட்டாளி, “எனக்கு டிசைன் தெரியும்” என்று சொல்லும் மைத்துனர், அறக்கட்டளை என்றால் செயற்குழு முழுவதும் என்று, முடிவெடுக்கும் ஆள் இதுவரை நம் கண்ணில் படாமலே இருந்திருப்பார்.

இங்கே கட்டணம் பேசுவது இரண்டாவது படி. முதல் படி, “இறுதி ஒப்புதல் யார் தருவார்கள்?” என்று நேராகக் கேட்பது. கேட்டுவிட்டு அவரோடு பத்து நிமிடம் பேசுவதற்கு நேரம் வாங்க வேண்டும். இடையில் ஒருவர் மூலம் வரும் “அவருக்குப் பிடிக்கவில்லை” என்ற தகவலை வைத்து எத்தனை சுற்று செய்தாலும் குறி தப்பிக்கொண்டே இருக்கும். பேசி முடித்த பிறகு, புதிய திசையில் செய்ய வேண்டியது கூடுதல் சுற்று என்பதையும் அதன் கட்டணத்தையும் எழுதி, அந்த மின்னஞ்சலில் இருவரையும் சேர்த்து அனுப்பலாம். நம்மிடம் பேசியவருக்கு அவர் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே சங்கடம் இருக்கக்கூடும் என்பதால், “நீங்கள்தான் சரி என்றீர்களே” என்ற வாக்கியத்தைத் தவிர்ப்பது நல்லது. தேதியைக் குறிப்பிட்டு, “மார்ச் 4 அன்று ஒப்புதல் ஆன இரண்டாம் வடிவத்திலிருந்து இந்த மாற்றங்கள்” என்று எழுதினாலே செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

அறிகுறி: “ஏதோ குறைகிறது”, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது இன்னும் மூன்று மாதிரிகளைச் செய்து அனுப்புவது. என் கருத்தில் கூடுதல் சுற்றுகளை வளர்ப்பதில் இதைவிட வல்ல பழக்கம் வேறில்லை. மூன்று மாதிரி பார்த்தவர் முதலாவதன் எழுத்தையும் இரண்டாவதன் படத்தையும் மூன்றாவதன் நிறத்தையும் சேர்த்து நான்காவது கேட்பார்.

மாதிரிக்குப் பதில் கேள்வி அனுப்ப வேண்டும், அதுவும் தேர்ந்தெடுத்துச் சொல்லக்கூடிய கேள்வியாக. “எப்படி வேண்டும்?” என்பதற்குப் பதில் கிடைக்காது. “பார்ப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது கடையின் பெயரா, விற்கும் பொருளா? இப்போது கூட்டமாகத் தெரிகிறதா, வெறுமையாகத் தெரிகிறதா? உங்கள் ஊரில் யாருடைய பலகை உங்களுக்குப் பிடிக்கும், அதில் எது பிடிக்கும்?” என்பவற்றுக்குக் கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு ஒரு புகைப்படம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த உரையாடலைச் சுற்றுக் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று, ஏனென்றால் வேலை தொடங்கும்முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

அறிகுறி: திருத்தம் என்ற பெயரில் புதிய வேலை வருகிறது

தைத்த சட்டையின் கையைக் குட்டையாக்கச் சொல்வது திருத்தம். அந்தச் சட்டையோடு ஒரு கால்சட்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்பது திருத்தமாகாது. சொல்லும்போது தெளிவாக இருக்கும் இந்த வேறுபாடு, “லோகோவை அப்படியே விசிட்டிங் கார்டில் வைத்துக் கொடுத்துவிடுங்களேன்” என்று கேட்கப்படும்போது மங்கிவிடுகிறது. ஒப்புக்கொண்ட பொருளின் தோற்றத்தையோ சொற்களையோ மாற்றுவது திருத்தம், ஒப்புக்கொள்ளாத பொருளை உண்டாக்குவது புதிய வேலை என்ற ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வழக்குகள் தீர்ந்துவிடும்.

தீராத வழக்கு நூல் வடிவமைப்பில்தான் வருகிறது, ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பக்கம் பக்கமாக வடிவமைத்து முடித்து, முதல் மெய்ப்பு பார்த்து, இரண்டாம் மெய்ப்பும் போன பிறகு, ஆசிரியர் ஓர் அணிந்துரை வந்திருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்பார். ஆறு பக்கம்தானே என்று அவருக்குத் தோன்றும். ஆனால் நூல் டெமி என்னும் வழக்கமான நூலளவில், பதினாறு பக்கப் பாரங்களாக (ஒரே தாளில் சேர்த்து அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதிகளாக) 160 பக்கத்துக்குக் கணக்குப் போட்டு அச்சகத்தில் விலை பேசியிருந்தால், அது சரியாகப் பத்துப் பாரம்; ஆறு பக்கம் சேர்ந்து 166 ஆகும்போது பதினோராவது பாரம் தேவைப்படும், அல்லது எங்காவது ஆறு பக்கத்தைக் குறைத்தாக வேண்டும். உரைப் பக்கங்கள் நகர்வதால் பொருளடக்கம் மாறும், சொல்லடைவு இருந்தால் அதுவும் மாறும். தாள் கூடினால் முதுகின் அகலம் மாறும், முதுகு மாறினால் அட்டையின் கோப்பையும் திருத்த வேண்டும். இவ்வளவையும் அவருக்கு எழுதிக் காட்டிவிட்டுத் தொகையைச் சொன்னால், பலர் அணிந்துரையை நான்கு பக்கமாகச் சுருக்கி, வெற்றுப் பக்கங்களுக்குள் அடக்கும்படி தாமே சொல்லிவிடுகிறார்கள். விலையைவிட விளைவைக் காட்டுவதே இங்கே வேலை செய்கிறது.

மெய்ப்பில் இன்னொரு பழைய பாகுபாடும் உதவும். கோப்பவர் செய்த பிழையையும் ஆசிரியர் மெய்ப்பில் தம் எழுத்தையே மாற்றி எழுதுவதையும் அச்சுத்தொழில் நெடுங்காலமாகத் தனித்தனியே கணக்கிட்டு வந்திருக்கிறது. மூலப்படியில் இருந்த ஒற்று விடுபட்டிருந்தால் அது நம் பொறுப்பு. மூலப்படியில் “சென்றான்” என்றிருந்ததை ஆசிரியர் “போயிருந்தான்” என்று மாற்றினால் அது அவர் பொறுப்பு. மெய்ப்பைத் திரும்ப அனுப்பும்போது முதல் வகையைச் சிவப்பிலும் இரண்டாம் வகையை நீலத்திலும் குறித்துத் தரச் சொன்னால், எது எவ்வளவு என்பது விவாதமின்றித் தெரிந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த மூலப்படியாக இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றும்போது இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். அந்தத் திருத்தம் யார் கணக்கு என்பதை மூலப்படியை வாங்கும் அன்றே பேசி எழுதிவிடுவது நல்லது.

அறிகுறி: “நிறம் சரியில்லை”, “எழுத்து உடைந்திருக்கிறது”

இது ரசனைப் பிரச்சினையாகத் தோன்றினாலும் பெரும்பாலும் தொழில்நுட்பப் பிரச்சினை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் நிறம் காட்டுகிறது. ஆர்ஜிபி என்னும் திரை நிறமுறையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் ஆரஞ்சும் சிஎம்ஒய்கே என்னும் நான்கு மை அச்சில் அடங்கித்தான் வரும். கைப்பேசித் திரையைப் பார்த்து நிறத்தைத் திருத்தச் சொல்பவருக்கு நான்கு முறை மாற்றிக் கொடுத்தாலும் அச்சில் வருவது வேறாகவே இருக்கும். ஒரே ஒரு மாதிரி அச்சு எடுத்து, அதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். அந்த அச்சின் செலவு யாருடையது என்பது கொட்டேஷனிலேயே இருக்கட்டும்.

தமிழ் எழுத்தில் கொம்பு இடம் மாறியோ புள்ளி விலகியோ தெரிந்தால், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் உள்ள நம் கோப்பில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பி தேர்வாகாமல் இருந்திருக்கலாம், அல்லது திறந்த கோப்பாகப் போனதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவர் திறந்திருக்கலாம். முதலாவதை உடனே, கட்டணமும் கணக்கும் இல்லாமல் சரிசெய்து கொடுக்க வேண்டும். நம் தவறால் வந்த எந்தத் திருத்தமும் சுற்றில் சேராது. அதைப் பட்டியலில் தனியே “இது கணக்கில் இல்லை” என்று குறிப்பிடுவது, கணக்கில் உள்ளவற்றைக் கேட்பதற்கான தகுதியையும் தருகிறது.

அறிகுறி: பில் அனுப்பிய பிறகுதான் திருத்தமே தொடங்குகிறது

இரண்டு வாரம் அமைதியாக இருந்தவருக்கு, நிலுவைத் தொகைக்கான பில் போன மறுநாள் பார்டர் பிடிக்காமல் போகிறது என்றால், இங்கே குறை வடிவமைப்பில் இல்லை. கையில் பணம் இல்லாமல் இருக்கலாம், கொடுக்கும் எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சோதனை: “இந்த மாற்றங்களைச் செய்யத் தயார், ஒப்புக்கொண்ட வேலைக்கான நிலுவை வந்ததும் தொடங்குகிறேன். சேர்த்துக் கொடுப்பது சிரமமென்றால் இரண்டு தவணையாகத் தாருங்கள்” என்று எழுதுவது. பணமுடையில் இருப்பவர் தவணையைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் பார்டரைப் பற்றியே பேசுவார்.

இந்த வகைக்குத்தான் சட்டத்தில் ஓரளவு பிடிமானம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சேவை தருபவர்களுக்கும் பொருந்தும். அதன்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கொள்ளப்படும்; எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவதற்கான காலம் ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாகச் சேரும். மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். இதன் பயனைப் பெற, இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு வேண்டும். பதிவு இணையத்தில் இலவசம். சிக்கல் வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவதைவிட, வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிந்திருப்பதுதான் பாதுகாப்பு. இந்தப் 15 நாள் விதியை மனத்தில் வைத்தே, “கோப்பு இன்று ஒப்படைக்கப்படுகிறது, மறுப்பு இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்” என்ற வரியை ஒப்படைப்பு மின்னஞ்சலில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். வழக்குக்குப் போகாமலேயே இந்த ஒரு வரி பல திருத்தங்களைத் தடுத்துவிடும்.

பதிப்புரிமையையும் இங்கே நினைவில் கொள்ளலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணியாளராக அல்லாமல் தனியாக உருவாக்கியவரே பொதுவாக முதல் உரிமையாளர். காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம் போன்ற சிலவற்றில் மட்டும் வேறு பேச்சு இல்லாவிட்டால் கேட்டவரே உரிமையாளர். உரிமை மாற்றம் எழுத்திலும் கையொப்பத்துடனும் இருந்தால்தான் செல்லும். “முழுத்தொகை வந்ததும் உரிமை மாற்றிக் கொடுக்கப்படும்” என்ற வாசகத்தைக் கொட்டேஷனில் வைப்பது இதனால்தான்.

அறிகுறி: தளத்தின் வழியாக வந்த வாடிக்கையாளர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்

தனியாக வேலை செய்பவர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் தளங்களில் ஒன்றான ஃபைவரில் ஒப்படைத்த வேலைக்கு வாங்கியவர் மூன்று நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆர்டர் தானாக முடிந்துவிடும். அத்தகைய இன்னொரு தளமான அப்வொர்க்கில், முழு வேலைக்கும் ஒரே தொகை பேசிய நிலைத்தொகை வேலைகளில் அந்த அவகாசம் 14 நாட்கள். திருத்தம் கேட்டுவிட்டால் இந்தக் கடிகாரம் நின்றுவிடுகிறது. ஆகவே ஒப்புக்கொண்ட சுற்று முடிந்த பிறகு வரும் கோரிக்கைக்குத் தளத்துக்குள்ளேயே பதில் எழுதி, கூடுதல் வேலையைத் தனிக் கட்டணமாகவோ புதிய மைல்கல்லாகவோ (தனித் தொகை கொண்ட ஒரு கட்டமாகவோ) சேர்த்து அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி முடிவெடுத்தால் தளத்தின் தகராறுப் பிரிவுக்கு அது தெரியப்போவதில்லை. கடிகாரத்தை ஓட்டுவதற்காக அரைகுறைக் கோப்பை ஒப்படைப்பதும் கூடாது. அது தளத்தின் விதிகளுக்கு எதிரானது.

அறிகுறி: கேட்பவர் வேண்டியவர்

சித்தப்பாவின் நண்பர், முதல் வேலையைக் கொடுத்து வளர்த்துவிட்டவர், ஊர்க் கோயில் திருப்பணிக் குழு ஆகியோரிடம் மேற்சொன்ன எந்த வாசகமும் வாயில் வராது. வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் கணக்கு எழுதப்பட வேண்டும். பில்லில் “கூடுதல் திருத்தம், மூன்று சுற்று: 4,500 ரூபாய்” என்று ஒரு வரியும், அதற்குக் கீழே “தள்ளுபடி: 4,500 ரூபாய்” என்று ஒரு வரியும் போட்டு அனுப்பினால், உறவும் கெடாது, செய்த உதவி கண்ணுக்குத் தெரியாமலும் போகாது. அடுத்த முறை அவரே தயங்கித்தான் கேட்பார்.

எதுவும் வேலை செய்யாவிட்டால்

பட்டியலும் கட்டணமும் ஒப்புதல் தருபவரும் தெளிவான பிறகும் சுற்றுகள் நிற்காவிட்டால் வேலையை முடித்துக்கொள்வதுதான் வழி, அதையும் எழுத்தில் செய்ய வேண்டும். எந்தத் தேதியிட்ட வடிவத்தோடு வேலை நிறைவடைகிறது, அதுவரை வந்த தொகை எந்தப் பகுதிக்கு, முன்பணத்தில் செய்யாத வேலைக்கான பங்கு எவ்வளவு, அது எப்போது திரும்பும் ஆகியவற்றை வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லாத நடையில் எழுதி அனுப்புங்கள். பணம் வந்துவிட்ட பகுதியின் கோப்பை நிறுத்தி வைக்காதீர்கள். அது அவருக்குச் சேர வேண்டியது, பிடித்து வைத்தால் தகராறில் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். திறந்த மூலக்கோப்பு தருவதாகப் பேசவில்லையென்றால் அச்சுக்கான பிடிஎஃப் போதும். காசு கொடுத்து உரிமம் வாங்கிய எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து அனுப்பாமல், அதன் பெயரையும் அவர் எங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் மட்டும் எழுதுங்கள். அடுத்து வரும் வடிவமைப்பாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.